கினபாலு மலை உச்சியில் பத்துப் பேர்: சபா, 2015 – ஒரு நிகழ்வு ஆய்வு

2015 மே 30 அன்று மலேசியாவின் சபா மாநிலத்தில் வெளிநாட்டுப் பயணிகள் பத்துப் பேர் கினபாலு மலை உச்சியில் ஆடை களைந்து படம் எடுத்துக்கொண்டார்கள். ஆறு நாள் கழித்து அதே மலையில் நிலநடுக்கம். 18 பேர் இறந்தார்கள். ஜூன் 12 அன்று அந்தப் பத்துப் பேரில் நால்வருக்குத் தண்டனை கிடைத்தது. உலகச் செய்திகளில் இது "நிர்வாணப் படத்தால் நிலநடுக்கமாம்" என்ற ஒரு வரி வேடிக்கையாகச் சுருங்கிப்போனது. உண்மையில் என்ன தவறு நடந்தது, அதைத் தீர்க்க என்ன வழி இருந்தது, அந்த வழி ஏன் எடுபடவில்லை என்பதெல்லாம் அந்த ஒரு வரிக்குள் காணாமல் போயின. வெளிநாட்டுக்குக் குழுவாகப் போகிறவர்களும் அழைத்துப்போகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியவை அவைதான்.

பின்னணி

கினபாலு 4,095 மீட்டர் உயரம். மலையைச் சுற்றியுள்ள பூங்கா 1964-இல் அமைக்கப்பட்டது. 2000-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சபாவின் தலைநகர் கோத்தா கினபாலுவிலிருந்து சாலை வழியே இரண்டு மணி நேரப் பயணம். அனுமதிச் சீட்டும் உரிமம் பெற்ற வழிகாட்டியும் இல்லாமல் யாரும் ஏற முடியாது. இந்த வழிகாட்டியை அங்கே மாலிம் குனுங் என்பார்கள். பெரும்பாலும் மலையடிவாரக் கிராமங்களைச் சேர்ந்த, சபாவின் பூர்வகுடிகளான டூசுன் இனத்தவர்.

வழக்கமான ஏற்றம் இரண்டு பகல், ஓர் இரவு. முதல் நாள் 1,866 மீட்டரிலுள்ள திம்போஹோன் வாயிலில் தொடங்கி ஆறு கிலோமீட்டர் நடந்து, 3,272 மீட்டரிலுள்ள தங்குமிடத்தில் இரவு உணவு, சில மணி நேரத் தூக்கம். அதிகாலை இரண்டு இரண்டரைக்குத் தலைவிளக்கு மாட்டிக்கொண்டு மறுபடி கிளம்ப வேண்டும். சாயாட்-சாயாட் சோதனைச் சாவடியில் சீட்டைக் காட்டிவிட்டு, வழுக்குப் பாறைமீது போட்டிருக்கும் கயிற்றைப் பிடித்து ஏறினால் விடியும் நேரத்தில் உச்சி. அங்கே குளிர் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் தலை கனக்கும். ஏறி முடித்த பூரிப்பும் சேர்ந்துகொண்டால் ஆட்கள் நிதானம் இழப்பது இந்த இடத்தில்தான் என்பது வழிகாட்டிகளுக்கு நன்றாகத் தெரியும்.

டூசுன் இனத்தவரையும் உள்ளடக்கிய கடசான்-டூசுன் மக்களுக்கு இது முன்னோர் மலை. இறந்தவர்களின் ஆன்மா போய்த் தங்கும் இடம். உச்சிப் பாறையில் முளைக்கும் பாசியை அந்த ஆன்மாக்களின் உணவாகச் சொல்வதுண்டு. ஏறுவதற்கு முன் மலையிடம் அனுமதி கேட்க மொனோலோப் என்ற சடங்கு உண்டு: ஏழு வெள்ளைக் கோழி, ஏழு முட்டை, வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை, அரிசி. முன்பெல்லாம் ஒவ்வொரு குழுவுக்கும் செய்தார்கள். பிற்காலத்தில் ஆண்டுக்கொருமுறை அனைவருக்குமாகச் சேர்த்துச் செய்கிறார்கள். இந்த மக்களில் பெரும்பாலோர் இன்று கிறிஸ்தவர்கள். ஞாயிறன்று தேவாலயம் போகிறவரே மலையில் கத்தக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது, அசிங்கம் செய்யக் கூடாது என்பதை விட்டுக்கொடுக்காமல் காப்பவராகவும் இருப்பார்.

நிகழ்வு நடந்த தேதியையும் கவனிக்க வேண்டும். மே 30, 31 இரண்டும் சபாவில் கஆமாத்தான் அறுவடைத் திருநாள், அரசு விடுமுறை. ஊரே நெல்லுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்த நாளில்தான் உச்சியில் இது நடந்தது.

மே 30: உச்சியில் நடந்தது

அந்தப் பத்துப் பேரில் ஆண்களும் இருந்தார்கள், பெண்களும் இருந்தார்கள், பல நாட்டவர். குளிரை யார் தாங்குகிறார் பார்க்கலாம் என்ற சீண்டலில் தொடங்கியது என்று அப்போது சொல்லப்பட்டது. அந்தக் காலத்தில் இப்படிப் படம் எடுப்பது ஒரு மோகமாகவே இருந்தது. 2014-இல் பெரு நாட்டின் மாச்சு பிச்சுவில் சில பயணிகள் பிடிபட்டார்கள். 2015 பிப்ரவரியில் கம்போடியாவின் அங்கோர் கோயில் வளாகத்தில் இரு சகோதரிகள் பிடிபட்டு, நிறுத்திவைக்கப்பட்ட ஆறு மாதச் சிறையும் அபராதமும் நான்காண்டு நுழைவுத் தடையும் பெற்றார்கள். கினபாலுவில் ஏறியவர்களுக்கு இது தெரிந்திருந்ததா இல்லையா என்பது பெரிய விஷயமில்லை. தெரிந்துகொள்ள அவர்கள் எங்கும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. சொல்ல வேண்டியவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

அவர் சொல்லவும் செய்தார். இந்த ஆய்வில் மிக முக்கியமான செய்தி இதுதான். வழிகாட்டி வேண்டாம் என்று தடுத்தார். குழு கேட்கவில்லை, அவரை முட்டாள் என்று ஏசியதாகப் பூங்கா நிர்வாகம் பின்னர் தெரிவித்தது. ஆகவே தெரியாமல் செய்த பிழை என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

வழிகாட்டியின் நிலையையும் பார்க்க வேண்டும். பயணிகள் கட்டணம் கட்டி வந்தவர்கள், இவர் நாள்கூலிக்கு அழைத்துப்போகிறவர். 4,000 மீட்டர் உயரத்தில் பத்துப் பேரோடு மல்லுக்கு நிற்க முடியாது. வழுக்குப் பாறையில் இறங்கும்போது இதே ஆட்களின் உயிருக்கும் அவரே பொறுப்பு. கோபித்துக்கொண்டு விட்டுவிட்டும் வர முடியாது. அவர் கையில் இருந்தது ஒன்றுதான்: கீழே வந்து நிர்வாகத்திடம் சொல்வது. அது நடந்தது.

படம் பரவியபின்

படங்கள் சமூக ஊடகத்தில் ஏறின. சில நாட்களுக்குள் சபா முழுக்கத் தெரிந்துவிட்டது. பூங்கா நிர்வாகம் கண்டித்தது. காவல்துறை விசாரணையில் இறங்கியது. மாநிலத்தின் சுற்றுலா, பண்பாட்டு, சுற்றுச்சூழல் அமைச்சர் மசிடி மன்ஜுன் வெளிப்படையாகக் கண்டித்தார். அவரே டூசுன் இனத்தவர்.

படம் மட்டும் வெளியே போகாமல் இருந்திருந்தால், வழிகாட்டிக்கும் குழுவுக்கும் நடுவே ஏற்பட்ட அவமதிப்பாக இது நின்றிருக்கும். கிராமத் தலைவர் அளவில் பேசித் தீர்த்திருக்கலாம். படம் பரவியதும் அது ஓர் இனத்துக்கே நேர்ந்த அவமதிப்பாயிற்று. வெள்ளியங்கிரியின் ஏழாவது மலையில் ஒருவர் இப்படி நின்று படம் எடுத்துப் போட்டிருந்தால் கோவைக்காரர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தால், சபாவின் கோபம் விளங்கும்.

மே 30-க்கும் ஜூன் 5-க்கும் இடையே ஆறு நாள் இருந்தன. மன்னிப்புக் கேட்க, பூங்கா அலுவலகத்துக்குப் போக, படத்தை நீக்கிவிட்டு வழிகாட்டியைப் பார்க்க அந்த அவகாசம் போதும். குழு பிரிந்து, பலர் அடுத்த ஊருக்குப் பயணத்தைத் தொடர்ந்தார்கள்.

ஜூன் 5: நிலநடுக்கம்

வெள்ளிக்கிழமை காலை 7.15-க்கு ரானாவ் பகுதியை மையமாகக் கொண்டு 6.0 அளவில் பூமி அதிர்ந்தது. பாறைச் சரிவில் 18 பேர் இறந்தார்கள். சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி ஒன்றிலிருந்து வந்த மாணவர்கள் 7 பேரும் ஆசிரியர்கள் 2 பேரும் அதில் அடக்கம். ஜூன் 8-ஐச் சிங்கப்பூர் தேசிய நினைவுநாளாக அனுசரித்தது. உள்ளூர் மாலிம் குனுங் சிலரும் மாண்டார்கள். மலையின் அடையாளங்களில் ஒன்றான கழுதைக்காது முகட்டின் ஒரு பகுதி உடைந்து விழுந்தது.

மேலே 137 பேர் சிக்கிக்கொண்டார்கள். வானிலை மோசம், ஹெலிகாப்டரால் இறங்க முடியவில்லை. பாதை உடைந்து, கல் உருண்டுகொண்டிருந்த நிலையில் அவர்களைக் கீழே கொண்டுவந்தவர்களில் முன்னின்றவர்கள் வழிகாட்டிகள். ஒரு வாரத்துக்கு முன் முட்டாள் என்று ஏசப்பட்டவர் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்தான். சபா மக்களின் கோபத்துக்கு நிலநடுக்கம் மட்டும் காரணமில்லை. இறந்த வழிகாட்டிகளும் அவமதிக்கப்பட்ட வழிகாட்டியும் அவர்கள் கண்ணுக்கு ஒரே வீட்டு ஆட்கள்.

நிலவியல் காரணத்தில் மர்மம் இல்லை. ரானாவ் வழியாகப் பிளவுக்கோடுகள் ஓடுகின்றன. 1991-இலும் அங்கே அதிர்ந்திருக்கிறது. 1976-இல் லஹாட் டத்துவில் ஏற்பட்டதற்குப் பிறகு சபாவில் இதுவே பெரியது. ஆனால் மரபு வழி நம்பிக்கையுள்ளவர்களுக்கு இரண்டு நிகழ்வும் ஒன்றையொன்று ஒட்டியே வந்தன. கடசான்-டூசுன் மக்களின் மரபுத் தலைவரும் அப்போதைய துணை முதலமைச்சருமான ஜோசப் பைரின் கிட்டிங்கான், மலையின் விலக்கை, அதாவது செய்யக் கூடாது என்ற மரபுத் தடையை, மீறியதற்கான அடையாளம் இது என்ற பொருளில் பேசினார். அமைச்சர் மசிடி, நிலநடுக்கத்துக்கு அவர்கள்தான் காரணம் என்று தான் சொல்லவே இல்லை, புனித மலையை அவமதித்தார்கள் என்பதே தன் குற்றச்சாட்டு என்று விளக்கினார். வெளிநாட்டு ஊடகம் முதல் பேச்சைப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது பேச்சு அவ்வளவு தூரம் போய்ச் சேரவில்லை.

கைதும் வழக்கும்

ஜூன் 9 வாக்கில் நால்வர் காவலில் இருந்தார்கள். ஒருவர் சபாவை விட்டுக் கிளம்பும் வழியில் தாவாவ் விமான நிலையத்தில் பிடிபட்டார். மற்ற மூவரும் கோத்தா கினபாலுவில். மீதிப் பேர் பிடிபடவில்லை. அதாவது ஒரே செயலைச் செய்த பத்துப் பேரில், நால்வர் மாட்டினார்கள், மற்றவர்கள் தப்பினார்கள். நியாயமா என்று கேட்டால் இல்லை. ஆனால் வெளிநாட்டில் வழக்கு இப்படித்தான் விழும், கைக்குக் கிடைத்தவர் மேல்.

குற்றச்சாட்டு மலேசியத் தண்டனைச் சட்டம் பிரிவு 294(அ): பொது இடத்தில் பிறருக்கு எரிச்சலூட்டும் ஆபாசச் செயல். அதிகபட்சம் மூன்று மாதச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்த எண் பழக்கமானது. மலேசியச் சட்டம் 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தழுவி எழுந்தது. நம் ஊர்க் காவல் நிலையங்களில் 2024 ஜூன் வரை போட்டுக்கொண்டிருந்த அதே 294 இது. "அது வேற நாட்டுச் சட்டம், நமக்கு எப்படித் தெரியும்" என்று சொல்ல நம்மவருக்கு வழியே இல்லை.

ஜூன் 12 அன்று நால்வரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். வழக்கறிஞர் அவர்கள் வருந்துவதாக நீதிமன்றத்தில் தெரிவித்தார். தண்டனை: ஜூன் 9 முதல் கணக்கிட்டு மூன்று நாள் சிறை, ஆளுக்கு 5,000 ரிங்கிட் அபராதம். அன்றைய மதிப்பில் இந்திய ரூபாயில் 85,000 சுமார். சிறைநாள் ஏற்கெனவே கழிந்திருந்ததால் அபராதத்தைக் கட்டியதும் குடிநுழைவுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் ஊர் திரும்பியதும், செய்தது தவறு, மரியாதைக் குறைவு என்று வெளிப்படையாக ஒத்துக்கொண்டார்.

ஒப்புக்கொண்ட முடிவு சரியானது. மறுத்து வாதாடியிருந்தால் படமே சாட்சி. விசாரணை முடியும்வரை கடவுச்சீட்டும் கையில் இருந்திருக்காது. அரசுத் தரப்பும் நிலநடுக்கத்தை வழக்குக்குள் இழுக்காமல், நிரூபிக்கக்கூடிய செயலை மட்டும் எடுத்துக்கொண்டது. அதுவும் சரி.

தீராமல் நின்ற கணக்கு

இவ்வளவுக்குப் பிறகும் சபாவில் பலருக்கு மனம் ஆறவில்லை. காரணம், நீதிமன்றம் விசாரித்தது ஆடை களைந்ததை. மக்கள் கேட்டது மலைக்கும் அதன் ஆட்களுக்கும் நேர்ந்த அவமதிப்புக்கான ஈடு.

அந்த ஈட்டுக்குச் சோகிட் என்று பெயர். கடசான்-டூசுன் வழக்கப்படி ஒருவர் விலக்கை மீறினால் ஊருக்கே சூடு பிடிக்கும், அதாவது கேடு வரும். கோழி, பன்றி, எருமை என்று குற்றத்துக்கேற்ப ஒன்றைக் கொடுத்து அந்தச் சூட்டைத் தணிக்க வேண்டும். பழிவாங்குவது இதன் நோக்கமில்லை. கொடுத்து, சடங்கு முடிந்தால் கணக்கும் முடிந்தது, மறுபடி அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. சபாவில் இது வெறும் ஊர்ப் பழக்கமாக நிற்கவில்லை. 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் பூர்வகுடி நீதிமன்றங்கள் இருக்கின்றன. சடங்கு மூத்தவர் ஒருவர் 10 எருமை கேட்டார். அந்தக் கோரிக்கை நிறைவேறாமலே நால்வரும் வெளியேற்றப்பட்டார்கள். நிலநடுக்கத்துக்குப் பின் மலையைச் சாந்தப்படுத்தும் சடங்குகளைக் கிராமத்தவர்கள் தாங்களே செய்துகொண்டார்கள்.

பத்து எருமை என்று கேட்டதும் வெளியார் சிரித்தார்கள். அது பேரம் தொடங்கும் எண்ணிக்கை என்பதையும், வழக்கத்தில் கேட்பதும் குறைப்பதும் பேசி முடிப்பதுமாகத்தான் போகும் என்பதையும் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. மே 31 அன்றே குழு திரும்பிப் போய்க் கேட்டிருந்தால் மிகச் சிறிய அளவில் முடிந்திருக்கும் என்பது என் கணிப்பு.

எங்கே பிசகியது

முதல் பிசகு, நம்பிக்கையையும் மரியாதையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டது. மலையில் ஆவி இருக்கிறதா என்று பயணியிடம் யாரும் கேட்கவில்லை. "இங்கே இதைச் செய்யாதே" என்று வீட்டுக்காரர் சொன்னால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, எச்சரிக்கை வந்து சேர்ந்த நேரம். செருப்பு, மழைக்கோட்டு, தண்ணீர், உயர நோய் என்று கீழே எல்லாம் விளக்கப்படும். விலக்குகளோ பொதுவாக "மலைக்கு மரியாதை கொடுங்கள்" என்று முடிந்துவிடும். இந்தச் சொற்றொடரால் பயனில்லை. கேட்பவர் ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றியதையே மரியாதை என்று எடுத்துக்கொள்வார். உச்சியில், குளிரில், கூட்டமாக ஆடிக்கொண்டிருப்பவர்களிடம் முதல்முறையாகக் குறிப்பாகத் தடை சொன்னால் அது ஏறாது.

மூன்றாவது, குழு. தனியாக ஏறியிருந்தால் பத்தில் எட்டுப் பேர் இதைச் செய்திருக்க மாட்டார்கள். நான்காவது, பதிவேற்றியது. இதைப் பற்றி மேலே சொன்னதே போதும்.

மாற வேண்டியவை

மலை அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று உச்சிவரை மீண்டும் திறக்கப்பட்டது. உடைந்த பகுதியைத் தவிர்த்து ரானாவ் பாதை என்ற புதுவழி போடப்பட்டது. மலை மீட்புக்கென்று தனி அணியும் உருவானது. பயணி தரப்பில் மாற வேண்டியவை வேறு.

குழுவை அழைத்துப்போகிறவர் விலக்குகளைப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும்: ஆடை களையக் கூடாது, கத்தக் கூடாது, பாட்டுப் பெட்டி வைக்கக் கூடாது, கல்லோ செடியோ எடுக்கக் கூடாது, கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கக் கூடாது. முதல் நாள் இரவு உணவின்போது, எல்லாரும் உட்கார்ந்திருக்கையில், வழிகாட்டியே சொல்வது நல்லது. அவர் கூச்சப்பட்டால் அழைத்துப்போகிறவர் அவர் பக்கத்தில் நின்று சொல்லட்டும். "இவர் வேண்டாம் என்றால் இறங்கிவிட வேண்டும், கட்டணம் திரும்பாது" என்பதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். நம்மவர் குழுக்களில் ஆடை ஒரு பிரச்சினையாக வராது. விசில், புளூடூத் ஒலிபெருக்கி, பிஸ்கட் உறை, நினைவுக்கென்று ஒரு கல், இவைதான் நம் வியாதி. அந்த மலையில் இவையும் மீறலே.

மீறல் நடந்துவிட்டால் வரிசை இது. உடனே நிறுத்தி, வழிகாட்டியின் கண்முன்னே படத்தை அழிக்க வேண்டும். "அண்மையில் நீக்கியவை" பகுதியிலும் அழிக்க வேண்டும், அங்கே பல நாள் கிடக்கும். அவரிடம் அங்கேயே மன்னிப்பு. மற்றவர்கள் பார்த்திருந்தால் மற்றவர்கள் முன்னிலையில். கீழே இறங்கியதும் பூங்கா அலுவலகத்தில் தாமாகவே சொல்லி, கிராமத் தலைவரைப் பார்க்க வேண்டுமா என்று வழிகாட்டி வழியாகக் கேட்க வேண்டும். ஈடு கேட்டால் நேரே பணத்தை நீட்டக் கூடாது. எதைக் கொடுப்பது, யாரிடம், எப்போது என்பதை அவர்களே சொல்வார்கள். சடங்குக்கு இருக்கச் சொன்னால் இருந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இதற்காக விமானச் சீட்டை ஒரு நாள் தள்ளிப்போட வேண்டி வரலாம்.

காவல்துறைக்குப் போய்விட்டால் ஊரை விட்டு நகர்வது தப்பி ஓடுவதாகவே எழுதப்படும். தூதரகத்துக்குத் தகவல், உள்ளூர் வழக்கறிஞர், சமூக ஊடகத்தில் மௌனம் மூன்றும் அதே நாளில் நடக்க வேண்டும். தூதரகம் வழக்கறிஞர் பட்டியல் தரும், குடும்பத்துக்குச் சொல்லும், காவலில் வந்து பார்க்கும். அபராதத்தைக் கட்டாது, வழக்கை நிறுத்தாது. சபா தன் குடிநுழைவைத் தானே நிர்வகிக்கும் மாநிலம். கோலாலம்பூருக்கு விமானம் ஏறுவதானாலும் கடவுச்சீட்டைக் காட்டித்தான் போக வேண்டும்.